மனாசே ஓடாமல் வைத்த ஓட்டம்

கலங்கரை அணி அந்த வருஷத்தின் கடைசி லீக் ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்று, ஆட்டக்காரர்கள் குளித்துத் தலை சீவி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டைப் பார்க்கப் போய்ச் சேர்ந்த பிறகும், அவர்களில் ஒன்பது பேருடைய நிழல்கள் உப்புக்கிடங்கு மைதானத்திலேயே தங்கி ஆடிக்கொண்டிருந்தன. முதலில் பார்த்தவர் சுண்டல் விற்கும் மீரான் பாய். மூட்டை கட்டிக் கிளம்பியவர், புல்லின் மேல் ஆள் இல்லாமல் நிழல்கள் மட்டும் அங்கும் இங்கும் ஓடுவதையும், பந்தின் நிழல் ஒரு கறுப்புக் காசைப் போல அவற்றின் நடுவே உருளுவதையும் பார்த்துவிட்டு, கூடையைத் திரும்ப இறக்கி வைத்து மூடியைத் திறந்தார். ஆட்டம் நடக்கிற இடத்துக்கு ஆள் வரும், ஆள் வருகிற இடத்தில் சுண்டல் விற்கும் என்பதற்கு மேல் அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"மேட்ச் முடிஞ்சிச்சே பாய், இன்னாத்துக்குக் கூடைய வச்சிக்கினு குந்தியிருக்க?" என்று ரயில்வே கேட்டுக்குப் போகிற வழியில் ஒருவன் கேட்டான்.

"முழு டிக்கெட்டு வாங்கிக்கினு அரை ஆட்டம்தானே காட்னானுங்க. மீதி இப்பதான் ஓடுது. குந்திப் பாத்துட்டுப் போ."

அவன் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். விடிவதற்குள் துறைமுகத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிற அத்தனை சந்துகளுக்கும் சேதி போய்விட்டது. எதனால் இப்படி ஆயிற்று, அதுவும் ஏன் அந்த ஞாயிற்றுக்கிழமையில் என்று யாரும் கேட்கவில்லை. எந்த ஒன்பது பேர் என்றுதான் கேட்டார்கள்.

ஏனென்றால் கலங்கரைக்காரர்கள் அடக்கி ஆடுவது ஊருக்குத் தெரியாத விஷயமில்லை. பதினெட்டு லீக் ஆட்டம். முதல் நாலு இடத்துக்குள் வந்துவிட்டால் நாக் அவுட். நாலுக்குள் வந்தது உறுதியாகிவிட்ட பிறகு மிச்சம் கிடக்கிற ஆட்டங்களில் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன? அப்படிப்பட்ட ஆட்டத்தில் கேப்டன் ஜெயசிங் ஏதோ ஒரு த்ரோவுக்கு நடுவே குனிந்து தன் இடது காலுறையைக் கணுக்கால் வரைக்கும் சுருட்டி விடுவான். அதுதான் ஜாடை. அதற்கப்புறம் எல்லோரும் ஓடுவார்கள், வியர்ப்பார்கள், விழுந்துகூடப் புரளுவார்கள், ஆனால் அது எப்போதும் அரை எட்டு தாமதமாகப் போய்ச் சேருகிற ஓட்டம். காலரியிலிருந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்துக் கேட்டாலும் கோச் தணிகாசலம் மாஸ்டரிடம் பதில் இருந்தது. "பதினெட்டு ஆட்டமும் உயிரக் குடுத்து ஆடிட்டா பத்தொன்பதாவதுக்கு உயிருக்கு எங்கப்பா போறது? கடையில விக்குதா?"

அன்றைக்கு நிழலோடு வீடு திரும்பியவர்கள் இரண்டே பேர். ஒருவன் கோல்கீப்பர், அவன் இரண்டு பந்துக்கும் மனதாரப் பாய்ந்துதான் கோட்டைவிட்டான். இன்னொருவன் மிசோரமிலிருந்து புதிதாக வந்திருந்த ரின்சாங்கா. அவனுக்குக் காலுறை ஜாடையை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. தொண்ணூறு நிமிஷமும் பேய் பிடித்தவனைப் போல ஓடிவிட்டு, இவர்களெல்லாம் ஏன் இப்படி ஆடுகிறார்கள் என்று புரியாமல், நிழலைக் காலோடு இழுத்துக்கொண்டு அறைக்குப் போய்த் தூங்கிவிட்டான்.

மற்றவர்களைச் சந்து சந்தாகப் பார்த்துச் சிரித்தார்கள். "அண்ணே, நிழல எங்க, சலவைக்குப் போட்டியா?" என்றார்கள். ஓடாமல் வைத்ததை ஓடி முடிக்கிற வரைக்கும் நிழல் வராது என்பதைத் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் ஊர் தானாகவே புரிந்துகொண்டது. புரிந்துகொண்டதும் அதற்கென்று ஒரு வழக்கத்தையும் உண்டாக்கிக்கொண்டது. ஆட்டக்காரர்களின் வீடுகளில் கதவை முழுக்கச் சாத்தாமல், பழைய பூட்ஸ் ஒன்றை இடுக்கில் செருகி வைத்தார்கள். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர். ஓடிக் களைத்து வருவது நிழலானாலும் அதற்கும் தாகம் இருக்குமல்லவா. உயர்நிலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் அந்த வாரம் முழுக்க வகுப்பை விட்டு வெளியே வரும்போது ஒருமுறை திரும்பிக் கரும்பலகைக்குக் கீழே பார்த்துக்கொண்டார்கள். கிரேன் ஓட்டுகிறவர்கள் கூண்டிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகக் காலடியைப் பார்த்தார்கள். வேறெங்கும் யாருடைய நிழலும் தங்கவில்லை. ஆனால் பார்க்கிற பழக்கம் தங்கிவிட்டது.

அந்த ஒன்பது பேரில் ஒருவன் மனாசே. இடது பின்காப்பு. அவனுடைய மனைவி தேவகிருபை, துறைமுகக் கேன்டீனில் காலை நாலு மணியிலிருந்து இட்லி ஊற்றுகிறவள். மற்ற வீடுகளில் புருஷன் கிளம்பும்போது போய்ட்டு வா என்பார்கள். ஆட்டக்காரர்கள் குடியிருக்கிற சந்துகளில் மட்டும் பெண்கள் வாசலில் நின்று, "மிச்சத்தோட வா," என்பார்கள். முட்டியை மிச்சம் வை, மூச்சை மிச்சம் வை, இருக்கிறதையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு வெறுங்கூடாக வந்து நிற்காதே என்று அர்த்தம். கலியாணமான புதிதில் மனாசே ஒரு லீக் ஆட்டத்தில், யாருக்கும் வேண்டாத ஒரு பந்துக்காகக் கோட்டோரம் பறந்து முட்டியைக் கிழித்துக்கொண்டான். கட்டிலிலேயே கிடந்தான். ஒப்பந்தம் போயிற்று. அதை மீட்டு, திரும்ப எழுந்து, திரும்ப அணியில் சேர்ந்த நாளிலிருந்து கிருபை அந்த இரண்டு வார்த்தையை வாய் தவறாமல் சொன்னாள். மற்றவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு போய் பாதியை மறந்தார்கள், மனாசே அதைச் சத்தியம் பண்ணிக்கொடுத்தவனைப் போல வைத்துக் காத்தான். ஜெயசிங் காலுறையைச் சுருட்டாத ஆட்டங்களிலும் அவன் பாதிக் கோட்டைத் தாண்டுவதற்கு முன் ஒருதரம் யோசித்தான். இடது பக்கம் வெட்டவெளியாகத் திறந்து கிடக்கும். முன்னால் இருப்பவன் பந்தோடு திரும்பிப் பார்ப்பான். மனாசே கையைக் காட்டுவான், நீயே போ என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிழலில்லாமல் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகச் சாலையில் வந்தான். ஆறு மணி வெயில் சாய்ந்து, போகிற வருகிற எல்லாவற்றையும் தெருவுக்குக் குறுக்கே கறுப்பாக நீட்டி வைத்திருந்தது. கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டு வந்தவர் பிறகு ஸ்டேஷனில் அழுதுகொண்டே சொன்னது இதுதான்: "வண்டி தெரிஞ்சது சார், ஆளும் தெரிஞ்சான். கீழ நிழல் இல்ல. கானல் மாதிரி ஏதோன்னு நெனச்சிட்டேன்."

அதைச் சொல்லக் கேட்ட யாரும் அவரைத் திட்டவில்லை. கிருபையும் திட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கி வைத்து, முகம் பார்க்க மூடியைத் திறந்தபோது, பத்து மணி வெயில் நேரே விழுந்தும் மனாசேயின் மூக்கு அவன் கன்னத்தின் மேல் நிழல் போடவில்லை. முகம் முழுக்க ஒரே வெளிச்சமாக, காகிதத்தில் வரைந்ததைப் போல இருந்தது. அதே நேரத்தில் அரை மைலுக்கு அப்பால் உப்புக்கிடங்கு மைதானத்தின் வடக்குக் கோட்டோரம் அவன் நிழல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் தெரியும். பாஸ்டர் ஜெபத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினார். ஆத்துமாவுக்கு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியும். நிழலுக்குச் சொல்ல எதுவும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். கிருபையும் அழுதாள். ஆனால் முழுசாகப் போகாத ஒரு ஆளுக்கு முழுசாக எப்படி அழுவது? பாதிக்கு அழுதுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்ணைப் போட்டாள். அவளுடைய நாத்தனார், "கல்லு மாதிரி நிக்கிறா பாரு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

புதன்கிழமைக்குள் மற்ற எட்டு நிழல்களும் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. ஜெயசிங்கின் நிழல் பூட்ஸைத் தாண்டி, கதவிடுக்கில் நுழைந்து, புல் வாசனையோடு வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது என்று அவன் மனைவி சொன்னாள். கிருபையும் மனாசேயின் இடது பூட்ஸைக் கதவில் செருகித்தான் வைத்திருந்தாள். தண்ணீர் வைத்தாள். காலையில் எடுத்துப் பார்த்தால் தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

வியாழக்கிழமை கேன்டீன் வேலை முடிந்ததும் அவள் மைதானத்துக்குப் போனாள்.

வடக்குக் காலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. வலது தோளைக் கொஞ்சம் தூக்கி, கிழிந்து தைத்த முட்டியை ஒரு நொடி தாமதித்து ஊன்றி ஓடுகிற அந்த ஓட்டத்தை அவள் ஆயிரம் பேருக்கு நடுவிலும் கண்டுபிடிப்பாள். உச்சி வெயிலில் அது குறுகி ஒரு தவலையின் வட்டத்தைப் போல உருண்டது. சாயங்காலத்தில் நீண்டு, கோல்போஸ்ட் வரைக்கும் எட்டுகிற கால்களோடு ஓடியது. மேகம் மூடினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் புல் மிதிபடுகிற சத்தம் கேட்கும். மீரான் பாய் கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே அவள் அதைக் கவனித்தாள். நிழல் வெளிறிக்கொண்டிருந்தது. மத்தியானம் அடுப்புக்கரியாக இருந்தது, ஐந்து மணிக்கு ஈரத் துணியின் கறையைப் போல ஆகி, அதன் ஊடாகச் சுண்ணாம்புக் கோடு தெரிந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கரைகிறது. நாளைக்கு இன்னும் கொஞ்சம். தீர்ந்துபோனால் வீட்டுக்கு வர அதற்கு ஒரு உடம்பு இல்லை. தீர்ந்துபோனால் தீர்ந்துபோனதுதான்.

அவள் எழுந்து கோட்டோரம் போய் நின்றாள். வீட்டு வாசலில் நிற்பதைப் போல ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், "அடக்கு," என்றாள். "மிச்சத்தோட வா."

நிழல் ஓட்டத்தின் நடுவில் நின்றது. குனிந்து இரண்டு முட்டியிலும் கை வைத்து மூச்சு வாங்கியது. பிறகு நடக்கத் தொடங்கியது.

அப்படியே நடந்தது, ஒரு வருஷம்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. சாயங்காலம் மைதானத்தைக் குறுக்கே கடக்கிறவர்கள் வடக்குக் கோட்டை விட்டு ஒதுங்கி நடந்தார்கள். தெரியாத்தனமாக அதன் மேல் மிதித்துவிட்டவர்கள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். லீக் கமிட்டியில் கால்வாய்க்கரை அணி ஒரு மனு கொடுத்தது, கலங்கரை பன்னிரண்டு பேரோடு ஆடுகிறது என்று. கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வந்து ஒரு மத்தியானம் முழுக்க நின்று பார்த்தார்கள். பந்தை நிழலின் மேல் உருட்டிப் பார்த்தார்கள். பந்து நேராகப் போயிற்று. "பந்தத் தொடாதவன் ஆட்டக்காரன் இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார்கள். "அப்டிப் பாத்தா எங்க சென்டர் ஃபார்வர்டு ஆட்டக்காரனே இல்ல," என்று காலரியிலிருந்து யாரோ சொல்ல, கமிட்டிக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

கிருபை தினமும் வந்தாள். கேன்டீன் முடிந்து, குளித்து, தலை பின்னி, கீழ்ப்படியில் அவள் இடத்தில் வந்து உட்காருவாள். அது அவள் இடம் என்று ஆகிவிட்டது. ஆட்டம் நடக்கிற நாளில் எத்தனை கூட்டம் இருந்தாலும் அங்கே யாரும் உட்காருவதில்லை. நிழல் கோட்டோரம் நடக்கும். ஒவ்வொரு தடவையும் பாதிக் கோடு வந்ததும் நிற்கும். அவள் பக்கம் திரும்பும். நிழலுக்கு முகம் கிடையாது. ஆனால் திரும்புவது தெரியும். வாசற்படியில் நின்று திரும்பிப் பார்ப்பானே, அதே மாதிரி. அவள் தலையை மெல்ல ஆட்டுவாள், வேண்டாம் என்று. அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி நடக்கும்.

கலங்கரை அணியில் அந்த வருஷம் வாசலில் எந்தப் பெண்ணும் மிச்சத்தோட வா என்று சொல்லவில்லை. ஜெயசிங் காலுறையை முட்டி வரைக்கும் இழுத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டான். யாருக்கும் தன் நிழலை அங்கே மனாசேயின் நிழலோடு விட்டுவிட்டுப் போக மனமில்லை. அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும், மழையில் குளமாகக் கிடந்த மைதானத்திலும், கடைசி இடத்து அணியோடும், நாலு கோல் முன்னால் இருக்கும்போதும், நாலு கோல் பின்னால் இருக்கும்போதும், பைத்தியக்காரர்களைப் போல ஓடினார்கள். முதல் மாதம் ஊரே தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியது. வாங்கின டிக்கெட்டுக்கு இப்பத்தான் நியாயம் என்றார்கள். இரண்டாவது மாதம் சென்டர் ஃபார்வர்டுக்குத் தொடை நரம்பு இழுத்துக்கொண்டது. அதன் பிறகு நடு ஆட்டக்காரனுக்குக் கணுக்கால். பருவம் பாதி தாண்டியபோது தணிகாசலம் மாஸ்டர் பெஞ்சில் உட்கார வைக்க ஆள் கிடைக்காமல் தானே ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி ஆட்டம் வரும்போது அணி ஏழாவது இடத்தில் இருந்தது. ஜெயித்தாலும் ஏழு, தோற்றாலும் ஏழு.

அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெயசிங் நொண்டிக்கொண்டே காலரிக்கு வந்து கிருபைக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தான். நிழல் பாதிக் கோட்டில் நின்று திரும்பியது. கிருபை தலையை ஆட்டினாள். அது திரும்பி நடந்தது.

"எத்தினி வாட்டி அண்ணி இப்டி?" என்றான் ஜெயசிங்.

"எண்ணல."

"ஒங்கிட்ட கேக்குறான்."

"தெரியும்."

"நாளைக்கி மேட்சு. இன்னா ஆனாலும் ஒண்ணும் ஆவப்போறதில்ல. அதுல ஒரு ஓட்டம் ஓடட்டும் அண்ணி. வுட்டுடு."

கிருபை அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒனக்கின்னா, ஒன் நிழலு ஊட்டாண்ட வந்து படுத்துக்கிச்சு. ஒன் பொண்டாட்டி அத்தத் தாண்டிதான் எந்திரிச்சிக் காபி போடுறா. எனக்கு இருக்கறது இதான். ஓடுனா தீந்துடும்."

"ஓடாம, தீராம வச்சிக்கினு இன்னா பண்றான், நடக்கறான். அவனப் பாத்தா நடக்கற ஆளு மாதிரியா கீது?" ஜெயசிங் தன் வீங்கிய கணுக்காலைத் தடவிக்கொண்டான். "ஒவ்வொரு மேட்சுக்கும் பஸ்ல என் பக்கத்துலதான் குந்துவான். ஜன்னல்ல வெரல வச்சி கோடு போடுவான். 'இந்தாண்டயிருந்து இப்டி வெளியால சுத்தி, முழுக்க, கார்னர் கொடி வரைக்கும் ஒரே ஒரு வாட்டிடா' அப்டின்னுவான். எப்பன்னு கேட்டா சிரிப்பான். ஃபைனல்லன்னுவான். நாம எந்த ஃபைனலுக்கு அண்ணி போனோம்?"

கிருபைக்கு அதைக் கேட்டுக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவளிடம் சொல்லாததை பஸ் ஜன்னலில் எழுதியிருக்கிறான். "காலுறைய சுருட்டி வுட்டது யாரு?" என்றாள்.

"நான்தான்," என்றான் ஜெயசிங். எழுந்து, படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிப் போனான்.

மறுநாள் மைதானம் நிரம்பவில்லை. ஏழாவது இடத்துக்கும் எட்டாவது இடத்தில் இருந்த கால்வாய்க்கரைக்கும் நடக்கிற ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? வந்தவர்கள் பாதிப் பேர் மீரான் பாயின் சுண்டலுக்கு வந்தவர்கள். முதல் பாதியில் கோல் விழவில்லை. இரண்டாவது பாதியில் கலங்கரை கிழக்கே பார்த்து ஆடியது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு பேருடைய நிழலும் கடலைப் பார்த்து நீண்டு கிடந்தன. வடக்குக் கோட்டோரம் இருபத்து மூன்றாவதாக ஒன்று, மற்றவற்றைவிட வெளிறி, நடந்து போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இப்போது ரின்சாங்கா ஆடுகிறான். வருஷம் முழுக்க அவன் அந்த நிழலுக்கு வழிவிட்டு ஆடப் பழகியிருந்தான். ஆட்டம் தொடங்கும்போது அதைப் பார்த்து ஒருமுறை தலை குனிவான். தமிழ் இன்னும் அவ்வளவாக வராது. அது அந்த நிழலுக்குத் தேவையாகவும் இல்லை.

நிழல் பாதிக் கோட்டுக்கு வந்தது. நின்றது. திரும்பியது.

கிருபை தலையை ஆட்டவில்லை. படியிலிருந்து இறங்கிக் கோட்டோரம் வந்து நின்றாள். ஒரு கை இடுப்புக்குப் போனது, எடுத்துவிட்டாள். வாயைத் திறந்தால் பழைய இரண்டு வார்த்தைதான் பழக்கத்தில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. உதட்டை மூடிக்கொண்டாள். பந்து தெற்கே எங்கேயோ கிடந்தது. ஒரு ரயில் போயிற்று.

"யோவ்," என்றாள். "வச்சது போதும்யா. எனக்கு ஒண்ணும் வாணாம். ஓடு."

நிழல் அசையவில்லை. அவள் சொன்னது அதற்குப் புதுசாக இருந்தது.

"ஓடுய்யான்றேன்ல. மொத்தத்தையும் ஓடு."

அந்த நேரத்தில் பந்து ரின்சாங்காவின் காலுக்கு வந்தது. அவன் பந்தோடு திரும்பி, பழக்கத்தில், தனக்கு வெளியே இடது பக்கம் பார்த்தான். கறுப்பாக, அடுப்புக்கரியைவிடக் கறுப்பாக ஒன்று அவனைச் சுற்றிக் கோட்டோரம் பாய்ந்தது. முட்டியைத் தாமதிக்காமல் ஊன்றிய அந்த ஓட்டத்தைக் கிருபை கலியாணத்துக்கு முன்பு ஒரே ஒருமுறை இதே மைதானத்தில் பார்த்திருந்தாள். ரின்சாங்கா யோசிக்கவில்லை. எந்த ஆளும் இல்லாத அந்த வெட்டவெளிக்குள், ஓடுகிறவனுக்கு இரண்டு எட்டு முன்னால், பந்தைத் தட்டிவிட்டான். பந்து உருண்டது, நிழல் அதனோடு ஓடியது, இரண்டும் ஒரே வேகத்தில் போயின. கால்வாய்க்கரை அணியின் வலது பின்காப்பு, அடக்கி ஆட வந்த ஆட்டத்தில் அடக்கி ஆடிக்கொண்டிருந்தவன், என்ன நினைத்தானோ, தலைதெறிக்க அதைத் துரத்தினான். ஜெயசிங் நொண்டுவதை மறந்து நடுவில் ஓடினான். மாஸ்டர் பெஞ்சிலிருந்து எழுந்து கோட்டோரம் கூடவே ஓடினார். மைதானத்தில் அந்தச் சில நொடிகள் ஓடாமல் நின்ற ஒரே ஆள் கிருபை.

கார்னர் கொடியிடம் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று. ரெஃபரி ஊதினார். நிழல் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, கிழக்குச் சுவர் வரைக்கும் ஓடி, சுவரில் ஏறியது. தரையிலேயே ஒரு வருஷம் கிடந்தது சுவரில் ஏறும்போது நிமிர்ந்தது. ஒரு நொடி, தலை, தோள், இடுப்பில் வைத்த கை என்று, ஒரு ஆள் அங்கே நின்று மூச்சு வாங்கித் திரும்பிப் பார்ப்பதைப் போல அத்தனை பேருக்கும் தெரிந்தது. பிறகு சுவரின் மேல்விளிம்பைத் தாண்டி, துறைமுகத்தின் பக்கம் போய்விட்டது. மீரான் பாய் கூடையின் மூடியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், எதற்காக எடுத்தோம் என்று தெரியாமல்.

கை தட்டல் எதுவும் இல்லை. பந்தை எடுத்து வைத்தார்கள். இன்னும் பத்து நிமிஷ ஆட்டம் பாக்கி இருந்தது. நடு வட்டத்தில் ஜெயசிங் குனிந்து, இடது முட்டிக்குக் கீழே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, காலுறையை மெதுவாகச் சுருட்டிக் கணுக்காலுக்கு இறக்கினான். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் செய்தான். கால்வாய்க்கரைக் கேப்டனும் பார்த்துவிட்டுத் தன்னுடையதைச் சுருட்டினான். அதற்கப்புறம் இருபத்திரண்டு பேரும் நடந்தே ஆடினார்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களைப் போல. அப்போதுதான் காலரியில் ஒருவர் கை தட்டினார், பிறகு பக்கத்தில் இருந்தவர், பிறகு எல்லோரும்.

கிருபை விசில் வரைக்கும் இருக்கவில்லை. படியில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆட்டக்காரர்களின் சந்துகளில் சேதி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது; வீட்டுக்கு வீடு கதவிடுக்கில் பூட்ஸ் செருகிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு எத்தனை நிழல் தங்குமோ, அது வருகிறபோது வரட்டும் என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஜெயசிங்கின் மனைவி ஒரு கையில் தண்ணீர் டம்ளரோடு வெளியே வந்தவள், கிருபையைப் பார்த்து எதையோ சொல்ல வந்து, அவள் காலடியைப் பார்த்தாள்.

வெயில் கிருபையின் முதுகில்தான் விழுந்துகொண்டிருந்தது. தெருவிளக்குக் கம்பத்தின் நிழலும், ஒரு ஆட்டின் நிழலும், காயப்போட்ட புடவையின் நிழலும் அவளுக்கு முன்னால் கிழக்கே நீண்டு கிடந்தன. அவளுக்கு முன்னால் தெரு வெறுமையாக இருந்தது.

அவள் நின்று பார்த்தாள். திரும்பிப் போகலாமா என்று ஒரு நிமிஷம் இருந்தது. தன் நிழல் எங்கே உட்கார்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வடக்குக் காலரி, கீழ்ப்படி. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தில் பாதியில் நிறுத்தியதை இப்போது தொடங்கியிருக்கும். மீரான் பாய் பார்த்திருப்பார். ஒரு பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருப்பார்.

முடித்துக்கொண்டு வரட்டும் என்று நடந்தாள்.

வீட்டுக்குள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துத் தரையில் வைத்தாள். மனாசேயின் இடது பூட்ஸ் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டாமல், கதவின் இடுக்கில் செருகினாள்.